குழந்தைகளுக்கான கொள்கை மாற்றத்தைப் பல அமைப்புகள் சேர்ந்து கேட்பது எப்படி?

கேள்வி இதுதான்: பெற்றோர் குழு, பள்ளி, சுகாதார மையம், இளைஞர் மன்றம், தொண்டு நிறுவனம் என ஐந்தாறு தரப்பினர் ஒன்றுசேர்ந்து, குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் பயன்படும் கொள்கை மாற்றம் ஒன்றை அரசிடம் கேட்க விரும்புகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எங்கே சறுக்கும்?

கூட்டமைப்புக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். எந்தப் பதவியில் இருப்பவர், என்ன முடிவை, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும்? இதை எழுத முடியாத கூட்டமைப்புகள்தான் மாதாமாதம் கூட்டம் நடத்திக் களைத்துக் கலைந்துபோகின்றன. "குழந்தைகள் நலன் மேம்பட வேண்டும்" என்பதை மறுப்பவர் யாரும் இல்லை. ஆனால் அந்த மனுவை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி கோப்பில் என்ன குறிப்பு எழுதுவார்? "பரிசீலிக்கப்படும்" என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் மாலை 3 மணிக்கு மூடுகிறது. வேலைக்குப் போகும் தாய் வீடு திரும்ப 6 மணி ஆகிறது. இடைப்பட்ட நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பத்து வயது அக்கா. அதனால் அவள் பள்ளியிலிருந்து பாதியில் கிளம்பிவிடுகிறாள். இந்தச் சிக்கலைக் கோரிக்கையாக்கினால் இப்படி வரும்: "இந்தப் பகுதியின் 40 காப்பகங்களும் வரும் நிதியாண்டின் முதல் நாளிலிருந்து மாலை 6 மணி வரை இயங்க, மையத்துக்கு ஒரு கூடுதல் பணியாளரை அனுமதித்துத் துறை இயக்குநர் ஆணையிட வேண்டும்." இதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்துத் தரலாம். எதைச் செய்தாலும் அது ஒரு பதில்.

அடுத்த வேலை, அந்த இயக்குநருக்கு உண்மையிலேயே அந்த அதிகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது. பெரும்பாலான மனுக்கள் தவறான மேசைக்குப் போய்த்தான் உறங்குகின்றன. காப்பகத்தின் நேரம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, சட்டத்தின் கீழ் வந்த விதியிலா, அரசாணையிலா, துறைச் சுற்றறிக்கையிலா, அல்லது எங்கும் எழுதப்படாத பழக்கமா? அந்த ஆவணத்தைத் தேடி எடுத்து வரிவரியாகப் படியுங்கள். சுற்றறிக்கையால் முடிகிற காரியத்துக்குச் சட்டத் திருத்தம் கேட்டால் பல ஆண்டுகள் வீணாகும். இன்னொன்றும் அடிக்கடி நடக்கும்: தேடிப் போனால் நீங்கள் கேட்கும் விதி ஏற்கெனவே இருக்கும், நடைமுறையில்தான் இருக்காது. அப்போது புதிய கொள்கை கேட்பது பழைய கடமையிலிருந்து நிர்வாகத்தை விடுவித்துவிடும். இருக்கிற விதியின் எண்ணையும் தேதியையும் மேற்கோள் காட்டி, அதை அமல்படுத்தக் கேளுங்கள்.

கோரிக்கையில் எண்கள் ஏன் வேண்டும் என்பதற்கு இந்தியாவின் உணவு உரிமை வழக்கைவிட நல்ல சான்று இல்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-இல் தொடுத்த அந்தப் பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள். "சத்துள்ள உணவு" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி பொருள் கொண்டிருக்கும். எண்கள் இருந்ததால், எந்த ஊரிலும் ஒரு பெற்றோர் பள்ளியின் பதிவேட்டைப் பார்த்து ஆணை மீறப்பட்டதா இல்லையா என்று சொல்ல முடிந்தது. ஆணை வந்தவுடன் எல்லா மாநிலங்களும் கீழ்ப்படிந்துவிடவில்லை. நாடு முழுவதும் அமைப்புகள் தொடர்ந்து அழுத்தம் கொடுத்தன. கண்காணிக்க நீதிமன்றமே 2002-இல் ஆணையர்களை நியமித்தது. வழக்கு, மக்கள் இயக்கம், கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தட்டுக்குக் கொண்டுவந்தன.

செலவுக் கணக்கைத் துறையே போட்டுக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். நிதித் துறை முதலில் கேட்பது அதைத்தான், அங்கே தடுமாறினால் கோப்பு திரும்பிவிடும். நம் மாதிரியில் 40 மையங்கள், தினமும் கூடுதலாக 3 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்று வைத்தால் 30,000 பணி மணி நேரம். அதை நடைமுறையில் உள்ள ஊதிய விகிதத்தால் பெருக்குங்கள். பிறகு மறந்துபோகிற செலவுகளைச் சேருங்கள்: மாலைச் சிற்றுண்டி, மின்கட்டணம், பணியாளர் விடுப்பில் போனால் மாற்றாள், புதியவருக்குப் பயிற்சி, பணிக்கொடை போன்ற சட்டப்படியான சலுகைகள். ஒருமுறை மட்டும் ஆகும் செலவையும் ஆண்டுதோறும் ஆகும் செலவையும் தனித்தனிப் பத்தியில் காட்டுங்கள். நிதித் துறைக்குக் கவலை இரண்டாவது பத்தியைப் பற்றித்தான். எல்லா மையங்களுக்கும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் எந்த வரிசையில் விரிவாக்கலாம் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் தங்களுக்கு வசதியான வரிசையைப் போடுவார்கள். தேவை அதிகமுள்ள மையம் கடைசியில் நிற்கும்.

காலத்தைக் கவனிக்காமல் கேட்டால் நல்ல கணக்கும் வீணாகும். வரவு செலவுத் திட்டம் தயாரிப்பு, சட்டமன்ற ஒப்புதல், செலவிடல், தணிக்கை என்று நான்கு கட்டமாக நகர்கிறது. அவையில் வாசிக்கப்படும் நாளில் வாயிலில் பதாகை பிடிப்பவர்கள் பல மாதம் பிந்தி வந்திருக்கிறார்கள். துறைகள் தங்கள் மதிப்பீட்டை அனுப்பும் கட்டத்தில்தான் புதிய செலவினம் நுழைய முடியும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது, அமெரிக்கக் கூட்டரசுக்கு அக்டோபர் 1. அந்த நாளிலிருந்து குறைந்தது ஆறேழு மாதம் பின்னோக்கி எண்ணி, மனு மேசைக்குப் போய்ச் சேர வேண்டிய தேதியைக் குறித்துவையுங்கள். கூட்டமைப்பின் மற்ற வேலைகள் எல்லாம் அந்தத் தேதியைச் சார்ந்து அமையட்டும்.

இனி, யார் யார் உள்ளே இருக்க வேண்டும் என்பது. சமூகக் கூட்டாண்மை பற்றிய பேச்சில் அதிகம் அடிபடுவது 2011-இல் அமெரிக்காவில் முன்வைக்கப்பட்ட 'கூட்டுத் தாக்கம்' என்ற முறை. பொது இலக்கு, பொது அளவுகோல், ஒன்றையொன்று வலுப்படுத்தும் பணிகள், இடைவிடாத தொடர்பு, ஒருங்கிணைக்க ஒரு தனி அலுவலகம் என ஐந்து நிபந்தனைகள் அதில் உண்டு. சின்சினாட்டி நகரில் 2006-இல் தொடங்கிய கல்விக் கூட்டமைப்பு அதற்கு முக்கிய எடுத்துக்காட்டு. பயனுள்ள சட்டகம்தான். ஆனால் நிறுவனத் தலைவர்கள் உட்கார்ந்து திட்டமிடும் மேசையாக அது மாறிவிடுகிறது, பாதிக்கப்படும் குடும்பங்களுக்கு அங்கே நாற்காலி இல்லை என்ற விமரிசனம் வலுவாக எழுந்தது. பின்னாளில் அதன் ஆதரவாளர்களே சமத்துவத்தை மையத்தில் வைக்கும்படி வரையறையைத் திருத்தினார்கள். மேசையில் மக்களுக்கு இடம் தருவதைப் பிரேசில் சட்டத்திலேயே எழுதிவைத்தது. குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்குள்ள குழந்தை உரிமை மன்றங்களில் அரசுப் பிரதிநிதிகளும் மக்கள் அமைப்புகளின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

பெற்றோரை அழைத்தால் மட்டும் போதாது, அவர்களால் வர முடிய வேண்டும். அலுவலக நேரத்தில் கூட்டம் வைத்தால் நாள்கூலிக்குப் போகிறவர் வரமாட்டார். சம்பளம் வாங்கும் ஊழியர்கள் அலுவலகச் செலவில் வந்து அமரும் கூட்டத்துக்கு, ஒரு தாய் தன் கூலியை இழந்து வர வேண்டும் என்பது நியாயமே இல்லை. பயணச் செலவு, இழந்த கூலிக்கு ஈடு, கூட்டம் நடக்கும் இடத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆகிய மூன்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு பெற்றோரை உட்காரவைத்தால் அவர் பேசமாட்டார். முடிவெடுக்கும் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெற்றோர் இருக்கட்டும். கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒருவர் அவர்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுபொருளை விளக்கினால், மறுநாள் விவாதத்தின் தரமே மாறிவிடும்.

பலரும் விட்டுவிடுகிற தரப்பு ஒன்று உண்டு: அந்தத் திட்டத்தைக் களத்தில் நடத்துகிற பணியாளர்கள். காப்பக நேரத்தை மூன்று மணி நேரம் நீட்டச் சொல்லும்போது, அங்கே வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் கோரிக்கை எழுதினால் முதல் எதிர்ப்பு அவர்களிடமிருந்தே வரும், அது நியாயமான எதிர்ப்பும்கூட. அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். "கூடுதல் பணியாளர்" என்ற சொல் கோரிக்கையில் இடம்பெற்றதே அதனால்தான். அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை இன்னொரு கவனமும் தேவை. பணி விதிகள் அவர்களை அரசுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசவோ கையொப்பமிடவோ விடாமல் தடுக்கலாம். அவர்களை மேடையேற்றாதீர்கள். எந்தப் படிவம் எங்கே தேங்குகிறது, எந்த விதி நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேசுவதைப் பெற்றோர் சங்கம் செய்யட்டும்.

கூட்டமைப்புக்குள் இரண்டு பக்க உடன்பாடு ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே மனதோடு இருக்கிறோம், எழுத்து எதற்கு என்று தொடக்கத்தில் தோன்றும். சண்டை வருவது இரண்டே இடத்தில்: ஊடகம் கூப்பிடும்போது, பணம் வரும்போது. யார் பேச்சாளர், அவர் ஊரில் இல்லையென்றால் யார்? அரசு ஒரு பகுதியை மட்டும் தர முன்வந்தால் ஏற்பதா மறுப்பதா என்று எத்தனை மணி நேரத்துக்குள், எத்தனை பேர் ஒப்புதலோடு முடிவெடுப்பது? 48 மணி நேரம், மூன்றில் இரண்டு பங்கு என்பது பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்துவரும். உடன்படாத அமைப்பு தன் பெயரை ஒரு குறிப்பிட்ட அறிக்கையிலிருந்து மட்டும் விலக்கிக்கொள்ள வழி வையுங்கள். அந்த வழி இல்லாவிட்டால் அது கூட்டமைப்பைவிட்டே வெளியேறும். ஒவ்வோர் அமைப்பும் தான் யாரிடம் நிதி பெறுகிறது, மனு போகும் துறையிடம் ஒப்பந்தம் ஏதும் வைத்திருக்கிறதா என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அந்தத் துறையின் பணத்தில் திட்டம் நடத்தும் நிறுவனம் மனுவின் முகமாக இருக்கக் கூடாது. விலக்கிவைக்கத் தேவையில்லை, பின்வரிசையில் இருந்து தரவுகளைத் தரலாம்.

சட்ட எல்லைகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனங்கள் ஓர் அளவுக்குள் சட்ட மாற்றத்துக்காக வாதாடலாம். வேட்பாளரை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ முற்றிலும் தடை. இந்தியாவில் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அந்த நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. ஆகவே ஓர் அமைப்பின் பணத்தைப் பிரித்துக் கொடுத்துப் பொதுச் செலவைச் சமாளிக்கலாம் என்று திட்டமிட்டால் அங்கேயே முடங்கிவிடுவீர்கள்.

தரவு என்று வரும்போது முதலில் பாழாவது பகுதி எண், அதாவது மொத்தம் எத்தனை பேரில் என்ற கணக்கு. "எங்கள் பகுதியில் 120 குழந்தைகள் எடை குறைவு" என்று எழுதினால், எத்தனை பேரில் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். 400 பேரை எடைபோட்டு 120 என்றால் 30 சதவீதம். சுகாதார மையத்துக்கு உடல்நலமில்லாமல் வந்தவர்களை மட்டும் எடைபோட்டிருந்தால் அந்தச் சதவீதம் ஊரைப் பற்றி எதையும் சொல்லாது. எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கிற ஒரே ஒரு தவறான எண், சரியான இருபது எண்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். சராசரியோடு நின்றுவிடாமல் பாலினம், வருமானம், மாற்றுத்திறன், வசிப்பிடம் எனப் பிரித்துப் பாருங்கள், சராசரி நன்றாக இருக்கும் இடத்தில்தான் ஒரு பிரிவு மட்டும் பின்தங்கிக் கிடக்கும். ஆனால் பிரித்துக்கொண்டே போனால் கட்டத்தில் நாலைந்து குழந்தைகள் மட்டும் மிஞ்சுவார்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். பத்துக்குக் கீழே வரும் எண்ணிக்கையை வெளியிடாமல் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுவது பாதுகாப்பானது.

ஆய்வுகளை மேற்கோள் காட்டும்போது அளவை மறைக்காதீர்கள். முன்பள்ளிக் கல்விக்காக வாதாடுகிறவர்கள் எல்லாரும் பெர்ரி முன்பள்ளித் திட்டத்தைக் காட்டுவார்கள். மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டியில் 1962 முதல் 1967 வரை நடந்த அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் 123 குழந்தைகள். 58 பேர் முன்பள்ளிக்குப் போனார்கள், 65 பேர் ஒப்பீட்டுக் குழு. பல பத்தாண்டுகள் கழித்தும் வருமானத்திலும் குற்ற வழக்குகளிலும் வேறுபாடு தெரிந்தது. அதைச் சொல்கிறவர்கள் சொல்லாமல் விடுவது: வார நாட்களில் தினமும் இரண்டரை மணி நேரம் வகுப்பு, ஏறக்குறைய ஆறு குழந்தைக்கு ஓர் ஆசிரியர், வாரம் ஒருமுறை ஆசிரியரே வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் வேலை. முப்பது குழந்தைக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டு அதே பலனை வாக்களித்தால், ஐந்தாண்டு கழித்து மதிப்பீடு வரும்போது திட்டம் தோற்றதாகச் சொல்லி மூடிவிடுவார்கள். ஒரு நல்ல திட்டத்தை அதன் நண்பர்களே கொல்வது பெரும்பாலும் இப்படித்தான்.

குழந்தைகளின் குரலைச் சேர்ப்பது பற்றி. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது உறுப்பு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. அமைச்சர் முன்னால் ஒரு குழந்தையை நிறுத்தித் தன் துயரத்தைச் சொல்லி அழவைப்பது அந்த உரிமை ஆகாது. காப்பகத்தில் என்ன பிடிக்கிறது, எது பயமாக இருக்கிறது, மாலையில் யார் அழைத்துப் போனால் நன்றாக இருக்கும் என்று குழுவாகக் கேளுங்கள். அவர்கள் சொன்னது கோரிக்கையில் எந்த வரியை மாற்றியது என்று திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். படமோ கதையோ வெளியிட்டால் பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் சம்மதமும் வேண்டும். பெயர், பள்ளி, சீருடை, வீட்டு வாசல் எதுவும் தெரியக் கூடாது. பின்னால் மனம் மாறினால் எடுத்துவிடும் வழி இருக்க வேண்டும். வன்கொடுமைக்கு ஆளான குழந்தையின் கதையைப் பிரசாரத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

அதிகாரியைச் சந்திக்கப் போவது சிறிய வேலை, ஆனால் கெடுத்துக்கொள்வது எளிது. மூன்று அல்லது நான்கு பேர் போதும்: ஒரு பெற்றோர், ஒரு துறை வல்லுநர், கணக்கைத் தெரிந்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். ஒரே தாள், மேலே கோரிக்கை, நடுவில் எண்கள், கீழே செலவு. கிளம்பும்போது "அடுத்து இது யாரிடம் போகும், எப்போது விசாரிக்கலாம்?" என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். பேசியதை அன்றைக்கே எழுத்தில் அனுப்பிவையுங்கள்; அதிகாரி மாற்றலாகிப் போனபின் அந்தக் கடிதம்தான் சாட்சி.

அரசு பெரும்பாலும் உடனே மறுக்காது. "சோதனை முறையில் இரண்டு மையங்களில் பார்க்கலாம்" என்று சொல்லும். அதில் தப்பில்லை, இரண்டு நிபந்தனை வைத்தால். சோதனை எந்தத் தேதியில் முடியும், எந்த அளவை எட்டினால் மற்ற மையங்களுக்கு விரியும் என்பது தொடக்க ஆணையிலேயே இருக்க வேண்டும். அவை இல்லாத சோதனைத் திட்டம் ஆண்டுக்கணக்கில் சோதனையாகவே கிடக்கும், கேட்கப் போனால் "ஏற்கெனவே செய்துகொண்டுதானே இருக்கிறோம்" என்பார்கள்.

கையொப்பம் கிடைத்ததும் கலைந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான வரிச் சலுகையை 2021-இல் விரிவாக்கி, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாதம் 300 டாலர் வரையும் மற்றவர்களுக்கு 250 டாலர் வரையும் ஜூலை முதல் டிசம்பர் வரை நேரடியாகக் கொடுத்தார்கள். அரசு உதவிகளையும் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடும் துணை வறுமை அளவுகோல்படி குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதமாக இறங்கியது. சட்டம் ஓராண்டுக்கு மட்டுமே என்பதால் சலுகை காலாவதியானது. மற்ற பெருந்தொற்றுக்கால உதவிகளும் நின்ற 2022-இல் அது 12.4 சதவீதத்துக்கு ஏறியது. காலவரையறை உள்ள எந்த வெற்றிக்கும், நீட்டிப்புக் கோரிக்கையை ஆணை வந்த மாதமே எழுதத் தொடங்க வேண்டும்.

நிரந்தர ஆணையும் தானாக நடந்துவிடாது. நிதி விடுவிக்கப்பட்டதா, பணியாளர் சேர்ந்தாரா, கதவு 6 மணி வரை திறந்திருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். இந்த வரிசையில் பார்த்தால் எங்கே அடைத்துக்கொண்டது என்று தெரியும்: பணம் வராத மையத்தில் பணியாளரைக் குறைசொல்லிப் பயனில்லை. ராஜஸ்தானில் 1994 முதல் நடந்த மக்கள் விசாரணைகள் காட்டிய முறை இங்கே கைகொடுக்கும். அரசின் வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டையும் ஊர்ப் பொதுவில் உரக்க வாசித்து, பெயர் உள்ளவர்களிடமே "இது நடந்ததா?" என்று கேட்டார்கள். தகவல் உரிமைக்கான கோரிக்கை அங்கிருந்துதான் வலுப்பெற்றது, 2005-இல் சட்டமாயிற்று. காப்பகத்தின் விஷயத்தில் மாலை வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, பெற்றோர் கூட்டத்தில் வாசித்தால் போதும். மூடிக்கிடந்த நாட்கள் ஒரே மாலையில் தெரிந்துவிடும். கண்டதை முதலில் மையத்துக்கும் துறைக்கும் எழுத்தில் கொடுத்து, சரிசெய்ய 15 நாள் அவகாசம் தந்து, அதற்குப் பிறகே வெளியிடுங்கள். அவகாசத்துக்குள் திருத்திய மையங்களின் பெயரையும் அதே அறிக்கையில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.